புகை அளக்கிறவள் வீடு

என் தம்பி பெண்டாட்டி தெருவில் நடந்து வந்தால் போதும், சிகரெட் பிடிக்கிறவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள். அவள் போலீஸும் இல்லை, பள்ளிக்கூட வாத்தியாரும் இல்லை. யாரையும் ஒரு வார்த்தை அதட்டினவளும் இல்லை. அவள் வேலை அப்படி. பிடிக்கிறவனை விட்டுவிடுவாள். அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் உடம்புக்குள் எவ்வளவு புகை போயிருக்கிறது என்று அளப்பாள். தெருவில் அவளுக்கு ‘மீட்டர்’ என்று பேர் விழுந்துவிட்டது. வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே, பொருத்தமான பேர்தானே.

நாங்கள் இருப்பது ஒரே கட்டடம். கீழே அக்காக்காரி என்னுடைய ஜெராக்ஸ் கடை, அதற்குப் பின்னால் என் ஒற்றை அறை. மாடியில் தம்பி, அவன் பெண்டாட்டி, மூன்று வயது மகள். மகளுக்கு யோசித்து யோசித்து ஒரு நல்ல பேர் வைத்தார்கள். கூப்பிடுவது என்னவோ ‘வாண்டு’ என்றுதான். தம்பி கூரியர் வேன் ஓட்டுகிறான். அவர்கள் இரண்டு பேரும் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். அதுவரைக்கும் வாண்டு என் தலையில். மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுத்தால் வீணாய்ப்போன தாள்களைக் கிழித்துக்கொண்டு கிடப்பாள். கூடவே அம்மாவின் துப்பட்டா ஒன்று இருக்க வேண்டும். அதுவும் துவைத்ததாக இருக்கக் கூடாது. துவைத்ததைக் கொடுத்தால், “இது அம்மா இல்ல” என்று தூக்கி எறிவாள். அம்மா முந்தின நாள் போட்டதாக இருக்க வேண்டும். பால் மறந்ததிலிருந்தே இந்தப் பிடிவாதம். முனையை வாயில் வைத்துக்கொண்டால் அடுத்த நிமிஷம் தூங்கிப்போவாள், எனக்கும் நிம்மதி. அழ ஆரம்பித்தாளா, துணியைத் திணி. இதுதான் என் குழந்தை வளர்ப்பு.

மீட்டர் முன்பு ஒரு செருப்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்து ஆள் எடுத்தார்கள். போனாள், சேர்ந்தாள். பாட்டில் மூடி அளவுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வில்லை இருக்கும். ‘பேட்ஜ்’ என்பார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டாலோ சுவரில் தொங்கவிட்டாலோ, காற்றில் கலந்திருக்கிற சிகரெட் நிக்கோட்டினை உள்ளே இருக்கும் தாள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துக் கழற்றி, மூடி போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்தது எச்சில். சின்னப் பஞ்சுச் சுருளை வாயில் போட்டு மெல்லச் சொல்லி, குழாயில் அடைத்து எடுத்துக்கொள்வாள். உடம்புக்குள் போன நிக்கோட்டின் வேறொன்றாக மாறி எச்சிலில் சில நாள் தங்குமாம். பேட்ஜ் காற்றைப் பற்றிச் சொல்லும், எச்சில் உடம்பைப் பற்றிச் சொல்லும் என்று எனக்கு விளக்கினாள். இது போக, ஊதிக் காட்டுகிற மெஷின் ஒன்றும் அவள் பையில் இருக்கும். அது சிகரெட் பிடிக்கிறவர்களைக் கண்டுபிடிக்க. காலையில் பிடித்துவிட்டு மத்தியானம் நல்ல பிள்ளை மாதிரி வந்து நின்றாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

போகிற இடமெல்லாம் அவளைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். லாரி புக்கிங் ஆபீஸ், கேரம் கிளப், அச்சகம், முடிவெட்டுகிற கடை, எங்கே போனாலும் முதலில் அவளுக்குத்தான் விசாரணை. “வரி ஆபீஸா நீங்க?” “இன்ஷூரன்ஸ்காரன் வேவு பாக்க அனுப்பினானா?” “இந்த வில்லைக்குள்ள மைக் கிக் இருக்கா?” என்பார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவாள். சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அவள் திரும்பினதும் தங்கள் வேலையைக் காட்டுவார்கள். கேரம் கிளப் முதலாளி, கிளப்புக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்று பேட்ஜை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். முடிவெட்டுகிறவர், அழுக்காகிவிட்டதே என்று ஷாம்பூ போட்டு அலசிக் காயவைத்துக் கொடுத்தார். ஒரு வீட்டம்மா, புருஷனைக் கையும் களவுமாக மாட்டிவிடுவதற்கு அவர் ஆஷ்ட்ரேக்கு நேர் மேலே நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அச்சகத்து ஃபோர்மேன் இன்னும் கெட்டிக்காரர். ஊதுகிற மெஷினைக் கொடுத்ததும், “தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்” என்று உள்ளே போய், மச்சானை விட்டு ஊதச் சொல்லி வெளியே கொண்டுவந்து நீட்டினார்.

ஒரு வருஷம் இப்படியே போனால் யாருக்குத்தான் புத்தி நேராக இருக்கும்? மீட்டருக்கு உலகத்தில் ஒருத்தர் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தால்கூடக் கண் மட்டும் என் கையைப் பார்க்கும். இத்தனைக்கும் சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் மேலேயே சிகரெட் நாற்றம் தூக்கி அடிக்கும். “இன்னைக்கு எத்தனை பாக்கெட் காலி?” என்று நான் கடையிலிருந்தே கத்துவேன். “போங்க அண்ணி” என்று சிரித்துக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்ட பிறகுதான் மகளைத் தூக்குவாள். அந்த விஷயத்தில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது.

ஆராய்ச்சியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் புகையே படாத வீட்டுக் குழந்தைகள் கொஞ்சம் பேர் வேண்டும் என்றார்கள். மீட்டர் முந்திக்கொண்டு வாண்டு பேரைக் கொடுத்தாள். “எங்க வீட்டைவிட சுத்தமான வீடு எது டாக்டர்?” என்று சொன்னாளாம். சொன்னதில் பொய்யும் இல்லை. தம்பி ஒரு காலத்தில் புகைபோக்கி மாதிரி இருந்தவன்தான். வாண்டுவுக்குக் கைக்குழந்தையில் மூச்சிழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். அதைப் பார்த்த அன்றோடு விட்டான். விட்டதற்குப் பதிலாகப் பெப்பர்மின்ட் மிட்டாய் பிடித்துக்கொண்டான்; சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும். மீட்டரின் எச்சிலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. “நீங்க போற இடம் அப்படி, உங்களுக்கு இருக்கத்தான் செய்யும்” என்று டாக்டர் தள்ளிவிட்டார்.

ஒரு நாள் மத்தியானமே வேலையிலிருந்து வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. கடையில் ஆள் இருந்ததால் கூட்டம் கலையும்வரை சுவரோரமாக நின்றாள். ஆள் போனதும் பாயில் தூங்கிக்கொண்டிருந்த மகளைக் காட்டி, “இவ எச்சில் ரிப்போர்ட் வந்திருக்கு அண்ணி” என்றாள்.

“என்னவாம்?”

“வீட்டுல யாரோ தினமும் பிடிக்கிற குழந்தையோட எச்சில் மாதிரி இருக்காம். டாக்டர் கதவை சாத்திட்டு கேக்கறாங்க, ‘உண்மையை சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன்’னு. நான் எத்தனை பேர்கிட்ட இதே வார்த்தையை சொல்லியிருக்கேன்!”

“மெஷின் தப்பா காட்டியிருக்கும்” என்றேன்.

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. நான் நம்பமாட்டேன். திரும்ப எடுத்து அனுப்பியாச்சு, அதுவும் அப்படித்தான். மழைக்காலம் வருது. மறுபடி இழுப்பு வந்தா இந்தப் பிஞ்சு உடம்பு தாங்குமா?” என்றவள், குரலைத் தணித்துக்கொண்டு, “உங்க தம்பிதான்” என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது வீட்டில் ரணகளம். தம்பி வந்து செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் இவள் மெஷினை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லக் கூடாது, அவ்வளவு சத்தம்.

“ஊதுங்க.”

“எதுக்கு?”

“ஊதுங்கன்னா ஊதுங்க. மடியில கனம் இல்லேன்னா ஊதறதுக்கு என்ன?”

“விட்டுட்டேன்னு சொன்னேன்ல? என் வார்த்தை போதாதா உனக்கு? ஊர்ல இருக்கிற திருட்டுப் பசங்களுக்கு நீட்டற மெஷினை என்கிட்ட நீட்டறே? கட்டின பொண்டாட்டிகிட்ட மூச்சுக்கு கணக்கு காட்டற நிலைமை எனக்கு வரல.”

“அப்ப அந்த மிட்டாய் எதுக்கு? நாத்தத்தை மறைக்கத்தானே?”

அவ்வளவுதான். மிட்டாயை எல்லாம் ஜன்னல் வழியாகத் தெருவில் விட்டெறிந்தான். எங்கள் குடும்பத்துக்கு மூக்கு நுனியில் கோபம். நானும் அந்த வயிற்றில் பிறந்தவள்தானே, எனக்குத் தெரியாதா? ஆனால் ஊதித் தொலைத்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஏன் மாட்டேன் என்கிறான்? மறுநாள் அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வேனுக்குள் ஏறிக் குடைந்தேன். டிக்கெட்டும் தூசியுமாகக் கிடந்த தட்டில் ஒரு லைட்டர் கிடைத்தது.

“என்னடா இது?” என்று அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“முன்னாடி இந்த வண்டியை ஓட்டினவரோடது. பின்னாடி சின்ன டார்ச் இருக்கு பாரு, டயர் பாக்க வெச்சிருக்கேன். நீயும் ஆரம்பிச்சிட்டியா அக்கா?”

டார்ச் இருந்தது உண்மைதான். நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதியை, அவன் அசந்த நேரம் எடுத்த லைட்டரோடு சேர்த்து என் கடை இழுப்பறையில் போட்டு மூடிவைத்தேன். மீட்டரிடம் மூச்சு விடவில்லை.

அவள் சும்மா இருக்கிறவளா? ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் பேட்ஜ்களைக் கொண்டுவந்து வீடு முழுக்கக் கட்டினாள். சமையலறையில் ஒன்று, படுக்கைக்கு மேலே ஒன்று, வேனில் ஒன்று. கடைசியில் என் கடைக்கும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் கடையிலயா? என்னையா சந்தேகப்படறே?”

“உங்களை இல்ல அண்ணி. வர்றவங்களை.”

“வெளியில நின்னு பிடிப்பாங்க. பிடிச்சிட்டே உள்ள வந்தா உதைச்சு அனுப்பமாட்டேனா நான்? இவளைக் கையில வெச்சு தாங்கறேன், கடைசில எனக்கே ஆப்பு வெக்கறியா?”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். யாரும் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துவிடாதபடி முடிச்சு மேல் ஸ்டிக்கர் வேறு ஒட்டினாள். கேரம் கிளப் முதலாளிக்கும் எனக்கும் ஒரே மரியாதை. நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அந்த வாரம் முழுக்க நகல் எடுக்க வந்தவர்கள் வாயையெல்லாம் நான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வக்கீல் குமாஸ்தா, “ஏம்மா, தள்ளி நின்னே பேசலாமே?” என்று பயந்துபோய்ச் சொன்னார். வாண்டுவை மடியில் வைத்துக் கொஞ்சிய பக்கத்துக் கடைக்காரரையும், பால்காரரையும், மின்சார மீட்டர் பார்க்க வந்தவரையும் மனசுக்குள்ளே கூண்டில் ஏற்றி இறக்கினேன். சாயங்காலமானால் தம்பியும் மீட்டரும் என் கடை வாசலில் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கிற நான் இரண்டு பேரையும் பார்ப்பேன். வாண்டு துணியைச் சப்பிக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் பார்ப்பாள்.

பேட்ஜ் ரிப்போர்ட் வந்தது. சமையலறை சுத்தம். படுக்கை சுத்தம். என் கடை சுத்தம். “பாத்துக்கோ” என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். வேனில் மட்டும் கொஞ்சம் இருந்தது. பழைய டிரைவர் வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து சீட்டில் ஊறினது, அதுவும் சொல்லிக்கொள்கிற அளவு இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மீட்டர் காதில் ‘வேன்’ என்பது மட்டும்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தம்பி மகளை முன் சீட்டில் வைத்து ஒரு சுற்று சுற்றி வருவான். போதாதா?

அந்த ஞாயிறு காலையிலேயே பெட்டி கட்டிவிட்டாள். தூரத்தில் இருக்கிற அவள் அக்கா வீட்டுக்கு. நான் குறுக்கே போனேன்.

“என் பொண்ணு ஒழுங்கா மூச்சு விடணும் அண்ணி. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அவர் ஊதிக் காட்டட்டும், இல்ல ஒத்துக்கட்டும். ரெண்டும் இல்லேன்னா நான் எப்படி இங்க வெச்சு இவளை வளக்கறது?”

தம்பி கதவில் சாய்ந்து நின்றான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். “என் பொண்ணை எப்ப திரும்ப கூட்டிட்டு வருவே?” என்றான்.

“தெரியல.”

“சரி போ. செய்யாத தப்புக்கு எதுக்கு கெட்ட பேர் வாங்கணும்? செஞ்சிட்டே வாங்கிக்கறேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பெட்டிக்கடைப் பக்கம் போனான். இவள் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். வீடு பொசுக்கென்று காலியாகிவிட்டது. நான் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்போதுதான் கைப்பிடியில் தொங்கிய துப்பட்டா கண்ணில் பட்டது. முந்தின நாள் அவள் போட்டது. அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இது இல்லாமல் வாண்டு பஸ்ஸையே இரண்டாக்கிவிடுவாளே என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நினைத்தது சரிதான். நிறுத்தத்துக்கு நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாண்டு போட்ட கூச்சலில் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அம்மா துணி! அம்மா துணி!” மீட்டர் தோளில் போட்டுத் தட்டிப் பார்க்கிறாள், பிஸ்கட் காட்டிப் பார்க்கிறாள், ஒன்றும் எடுபடவில்லை. பின்னால் நின்ற ஒரு ஆள், பொறுமை போயோ என்னவோ, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். புகை இந்தப் பக்கம் வந்தது. மீட்டர் சட்டென்று மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நகரப் பார்த்தாள்.

வாண்டு அழுகையை நிறுத்திவிட்டாள். அம்மா கையைத் தள்ளிவிட்டு, அந்த ஆள் பக்கம் கழுத்தை நீட்டி மூச்சை இழுத்தாள். அப்புறம் சிரித்தாள்.

“அம்மா வாசனை!”

“என்னடி சொன்னே?” என்றாள் மீட்டர்.

“அம்மா வாசனை வருது” என்று குழந்தை அந்த ஆளைக் காட்டியது. அவன் பதறிப்போய் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, “நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்று விலகினான்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மக்கு மாதிரி, “இந்தா உன் துணி” என்று துப்பட்டாவை நீட்டினேன். வாண்டு பிடுங்கிக்கொண்டு, வழக்கம்போல முனையைச் சுருட்டி வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள். மீட்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த முனையைத் தூக்கித் தன் மூக்கில் வைத்தாள்.

“அண்ணி, நேத்து கேரம் கிளப்புக்கு இதைத்தான் போட்டுட்டுப் போனேன்” என்றாள். “உள்ள போகும்போதெல்லாம் இதாலதான் மூக்கைப் பொத்திக்குவேன்.”

மகள் வாயிலிருந்து துணியை இழுத்தாள். குழந்தை வீல் என்று அலறியது. இவள் விடவில்லை. அவ்வளவு துணியையும் உருட்டிப் பெட்டிக்குள் அமுக்கி மூடிவிட்டு, அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். “நானா? நானேவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தினமும் அதை எடுத்து வாயில் திணித்தவள் நான். பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது, நாங்கள் ஏறவில்லை.

தெருமுனையில் தம்பி பெட்டிக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு சிகரெட். பற்றவைக்கவில்லை. “லைட்டரைத் தேடினேன், காணோம். கடைக்காரர்கிட்ட கேக்கவும் மனசு வரல” என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். என் இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது அது.

மீட்டரைக் கண்டதும், “வந்துட்டியா? பாத்துக்கோ, கையில இருக்கு. போட்டோ வேணா எடுத்துக்கோ” என்றான். பிறகு எதை நினைத்தானோ, கையை நீட்டினான். “மெஷினைக் குடு. ஊதித் தொலைக்கறேன். என் பொண்ணை விட்டுட்டுப் போ.”

“வேண்டாம்” என்றாள் அவள்.

“ஏன்? இன்னைக்கு மட்டும் என்ன?”

“நீங்க இல்ல. நான்தான்” என்று சொல்லிவிட்டு, துப்பட்டாக் கதையைத் திக்கித் திக்கிச் சொன்னாள். முடிவில், “இன்னும் அளந்து பாக்கல. ஆனா நீங்க இல்ல. என்னை மன்னிச்சிடுங்க” என்றாள். அளக்காமல் அவள் ஒரு விஷயத்தை நம்பியதை ஒரு வருஷத்தில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி உடனே உருகிவிடவில்லை. சிகரெட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான், மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான், எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் முன்னால் நடந்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அதற்காக அளக்காமல் விட்டுவிடுவாளா? துப்பட்டாவை ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் அடைத்து, உள்ளே ஒரு பேட்ஜையும் தொங்கவிட்டு, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி ஒரு வாரம் வைத்தாள். ஆய்வுக்கூடத்துக்காரர் போன் பண்ணி, “இது எந்த கிளப்புல கட்டினது?” என்று கேட்டாராம். “என் மக கையில” என்று சொன்னாளாம்.

இப்போது ஆஸ்பத்திரியில் மேலங்கி கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். துப்பட்டா போட்டுக்கொண்டு போவதே இல்லை. வந்ததும் என் அறைக்குள் நுழைந்து, தலைமுடிவரை அலசிக் குளித்துவிட்டுத்தான் மாடிப்படி ஏறுகிறாள். மழை வந்து போய்விட்டது, இழுப்பு வரவில்லை. வாண்டு எச்சிலை மறுபடி எடுத்து அனுப்பினாள். அதில் ஒன்றுமே இல்லை என்று வந்த அன்றைக்குத்தான் தம்பி அவளிடம் பழையபடி சிரித்துப் பேசினான். சட்டைப்பையில் மிட்டாயும் திரும்ப வந்துவிட்டது. லைட்டரை நான் இன்னும் கொடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

கஷ்டப்பட்டது வாண்டுதான். சோப்புப் போட்டு வெயிலில் காயவைத்த துப்பட்டாவை எத்தனையோ தடவை கொடுத்துப் பார்த்தோம். மோந்து பார்ப்பாள், எறிவாள். குளித்துவிட்டு வந்த அம்மா தூக்கினால் கழுத்தில் மூக்கை வைத்துத் தேடுவாள். “அம்மா எங்க?” என்பாள். “இதோ, அம்மாதானே இருக்கேன்” என்றால் தலையாட்டுவாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது.

போன வாரம் சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். பாயைப் பார்த்தால் குழந்தை இல்லை. அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஆள் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கால்சட்டையை ஒட்டி, அவனுக்கே தெரியாமல், வாண்டு நின்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, ஆசை ஆசையாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். என் அறையிலிருந்து ஈரத் தலையோடு வெளியே வந்த மீட்டர் அதைப் பார்த்துவிட்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்த ஆளிடம் போய், “அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போறீங்களா? என் பொண்ணு உங்களை நான்னு நினைச்சிக்கிட்டு நிக்கறா” என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் போய்விட்டான். இவள் என் கடைப் படியில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஈர முடியை அவள் முகத்தின் மேல் போட்டாள்.

“மோந்து பாரு.”

வாண்டு மோந்து பார்த்தாள். “சோப்பு” என்றாள்.

“ஆமா, சோப்பு. இதுதான் அம்மா வாசனை. இனிமே இதுதான்.”

குழந்தை தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஊதுகிற மெஷினை நீட்டிவிட்டு மீட்டர் பார்ப்பாளே, அச்சு அசல் அதே பார்வை. பிறகு இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.